பகிர்ந்த நாட்காட்டியில் எந்தப் பிரதி பொய் சொல்கிறது?

செயலாளரின் கணினியில், அவுட்லுக் நாட்காட்டியில், கூட்டம் 3 மணிக்கு. மேலாளரின் கைப்பேசியில் அதே கூட்டம் 2.30க்கு. சென்னைக் கிளையில் இருப்பவரின் திரையில் அப்படி ஒரு கூட்டமே இல்லை. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆகட்டும், சாங்கி பிசினஸ் பார்க் ஆகட்டும், அலுவலக ஐடி மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் புகார் பழகிப்போன ஒன்று. “அவுட்லுக் சிங்க் ஆகலண்ணே, ஒரு தடவை ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்களேன்” என்ற வேண்டுகோளும் கூடவே வரும். ரீஇன்ஸ்டால் செய்து இது தீர்ந்ததை நாங்கள் அநேகமாகப் பார்த்ததே இல்லை. பாதி நாள் போவதுதான் மிச்சம்.

ஒரே நாட்காட்டி என்று நாம் பேசினாலும் இருப்பவை பல பிரதிகள். நிறுவன மின்னஞ்சலைத் தாங்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில், நாட்காட்டி உரிமையாளரின் (இங்கே மேலாளரின்) அஞ்சல்பெட்டிக்குள் இருப்பது மூலம். செயலாளரின் கணினியில் ஓஎஸ்டி என்ற கோப்புக்குள் ஒரு நகல், கைப்பேசியில் இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் 365இன் புதிய பகிர்வு முறையில், செயலாளரின் சொந்த அஞ்சல்பெட்டிக்குள்ளும் சர்வரிலேயே ஒரு நகல் உண்டு. எது பிசகியது என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது. அதனால் முதல் வேலை, கணினியில் உள்ள அவுட்லுக்கைத் தொடாமல் பிரவுசரில் அவுட்லுக்கைத் திறப்பது. உரிமையாளர் தன் கணக்கில் நுழைந்து பார்க்கட்டும், செயலாளர் தன் கணக்கில் நுழைந்து அதே நாட்காட்டியைப் பார்க்கட்டும். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், போக வேண்டிய வழி ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிரவுசரில் இருவருக்கும் சரி, கணினியில் மட்டும் தவறு என்றால் பிழை உள்ளூர் நகலில். இதுதான் எளிதானது. ஆனாலும் அவசரப்படாமல் முதலில் கன்ட்ரோல் விசையுடன் 6ஐ அழுத்தி ஃபோல்டர் பட்டியலை வரவழைத்து, ‘சிங்க் இஷ்யூஸ்’ ஃபோல்டரையும் அதனுள் ‘லோக்கல் ஃபெய்லியர்ஸ்’ ஃபோல்டரையும் பாருங்கள். சர்வருக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் அங்கே தேங்கியிருக்கலாம். இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் அவை போய்விடும். பிறகு அந்த நாட்காட்டியின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ‘சின்க்ரனைசேஷன்’ தாவல் இருந்தால் சர்வரில் எத்தனை பதிவுகள், கணினியில் எத்தனை பதிவுகள் என்று இரண்டு எண்கள் தெரியும். இரண்டும் ஒட்டாமல் இருந்தால் சந்தேகம் உறுதி. ‘ஜெனரல்’ தாவலில் உள்ள ‘கிளியர் ஆஃப்லைன் ஐட்டம்ஸ்’ பொத்தானை அழுத்தி, வெளியே வந்து எஃப்9 அழுத்துங்கள். சர்வரிலிருந்து நகல் புதிதாக இறங்கும்.

இறங்கியும் மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி என்றால், அமைப்பைப் பார்க்க வேண்டும். ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், மறுபடி அக்கவுண்ட் செட்டிங்ஸ், கணக்கைத் தேர்ந்து சேஞ்ச், மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட். அங்கே ‘டர்ன் ஆன் ஷேர்டு காலண்டர் இம்ப்ரூவ்மெண்ட்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா? இல்லையென்றால் போட்டு, அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும். பழைய முறையில் செயலாளரின் அவுட்லுக் அடிக்கடி உரிமையாளரின் பெட்டியைத் தட்டித் தட்டி மாற்றம் உண்டா என்று கேட்கும். தட்டுவதற்கு இடையே நடந்தது அதற்குத் தெரியாது. புதிய முறையில் சர்வரே மாற்றத்தைச் செயலாளரின் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. எங்கள் கணக்கில் இந்த ஒரு டிக் தீர்த்த புகார்கள்தான் அதிகம்.

ஆட்-இன் (அவுட்லுக்குடன் ஒட்டி ஓடும் துணைச் செயலி) எதுவும் குறுக்கே நிற்கிறதா என்று அறிய, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே அவுட்லுக்கைத் திறந்தால் ஆட்-இன் இல்லாத சேஃப் மோடில் வரலாமா என்று கேட்கும். அங்கே சரியாக இருந்தால் ஆட்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஓஎஸ்டி கோப்பையே புதிதாக உருவாக்குவது கடைசிப் படி. அக்கவுண்ட் செட்டிங்ஸில் ‘டேட்டா ஃபைல்ஸ்’ தாவல், ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’. அவுட்லுக்கை மூடிவிட்டு, கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். பெரிய அஞ்சல்பெட்டியானால் மீண்டும் இறங்க மணிக்கணக்காகும். மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு தொடங்கிவிட்டுப் போவது நல்லது. காலை 9 மணிக்குச் செய்துவிட்டு மேலாளரின் முகத்தில் விழிக்க முடியாது. ‘நியூ அவுட்லுக்’ பயன்படுத்துபவர்களுக்கு இந்த ஓஎஸ்டி வேலை எதுவும் பொருந்தாது. அது பெரும்பாலும் பிரவுசர் காட்டுவதைத்தான் காட்டும்.

உரிமையாளரின் பிரவுசரில் சரி, செயலாளரின் பிரவுசரில் தவறு என்றால் கணினியை விட்டுவிடுங்கள். சிக்கல் அனுமதியிலோ பகிர்விலோ இருக்கிறது. ‘பிஸி’ என்ற கட்டங்கள் மட்டும் தெரிந்தால் அனுமதி மிகக் கீழ்ப்படியில் நிற்கிறது என்று பொருள். அதற்கு மேல், தலைப்பும் இடமும் மட்டும் தெரிவது ஒரு படி, எல்லா விவரமும் தெரிவது ஒரு படி, திருத்தலாம் என்பது ஒரு படி. ‘பிரைவேட்’ என்று குறித்த பதிவுகளைத் திறந்து பார்க்க, டெலிகேட் (உரிமையாளர் சார்பில் நாட்காட்டியைக் கையாள்பவர்) ஆக்கும்போது தனியாக ஒரு அனுமதி கொடுக்க வேண்டும். “ஒன்றிரண்டு கூட்டம் மட்டும் வரவில்லை” என்ற புகாரின் வேர் பல சமயம் இங்கேதான்.

அனுமதி சரியாக இருந்தும் காட்டவில்லையா? பகிர்வை அவிழ்த்துக் கட்ட வேண்டும், வரிசை தப்பாமல். செயலாளர் தன் பட்டியலிலிருந்து அந்த நாட்காட்டியை நீக்க வேண்டும். பிறகு உரிமையாளர் அவர் பெயரை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு உரிமையாளர் பிரவுசரிலிருந்தே மறுபடி பகிர, செயலாளர் அந்த அழைப்பு மின்னஞ்சலைப் பிரவுசரிலோ அவுட்லுக் கைப்பேசிச் செயலியிலோ ஏற்க வேண்டும். இப்படி ஏற்றால்தான் கைப்பேசிக்கும் அது வந்து சேரும். கணினியில் பழைய முறையில் திறந்து வைத்த நாட்காட்டி கைப்பேசிப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஏற்றபின் ஓர் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்று மறுபடி அவிழ்க்கத் தொடங்கினால் முடிச்சு இறுகும்.

ஒரே நாட்காட்டி இரண்டு முறை தெரிவதும் இந்த ரகம்தான். அட்மின் அஞ்சல்பெட்டிக்கே முழு அணுகல் கொடுக்கும்போது ஆட்டோமேப்பிங் என்ற வசதி தானாக ஒன்றைக் கொண்டுவரும், அழைப்பை ஏற்றதால் இன்னொன்று வரும். ஒன்றில் எழுதிவிட்டு, இன்னொன்றைப் பார்த்துக் குழம்புவார்கள். நாட்காட்டி மட்டும் போதும் என்றால் முழு அணுகலை எடுத்துவிடுங்கள். அதுவும் வேண்டும் என்றால் ஆட்டோமேப்பிங்கை நிறுத்தி மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள்.

அட்மின்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் அனுமதியைப் பார்க்கும் கட்டளையில் ஃபோல்டர் பெயரைக் ‘காலண்டர்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்தால், சிலருக்கு அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று வரும். அவர் தன் அவுட்லுக் மொழியைச் சீனத்துக்கோ தமிழுக்கோ மாற்றி, ஃபோல்டர் பெயர்களும் மாறட்டும் என்று டிக் செய்திருப்பார். நான்கு மொழி புழங்கும் ஊரில் இது அபூர்வமும் இல்லை. ஃபோல்டர் புள்ளிவிவரக் கட்டளையை நாட்காட்டிக்கு மட்டும் ஓடவிட்டு, உண்மைப் பெயரை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வழிதான் சிக்கலானது: மூலமே தவறு. உரிமையாளரின் பிரவுசரிலேயே கூட்டம் இல்லை. இதற்குப் பெயர் ஒத்திசைவுக் கோளாறு இல்லை. யாரோ, அல்லது ஏதோ ஒரு செயலி, அதை நீக்கியிருக்கிறது. பழைய முறையில் டெலிகேட் நீக்கிய பதிவு, வழக்கமாக டெலிகேட்டின் ‘டெலிட்டட் ஐட்டம்ஸ்’ ஃபோல்டரில்தான் விழும். உரிமையாளரின் பெட்டியில் தேடிக் கிடைக்காததால் மாயமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அங்கும் இல்லையென்றால், கெட்-காலண்டர்டயக்னாஸ்டிக்ஆப்ஜெக்ட்ஸ் என்ற கட்டளையை உரிமையாளர் பெயரும் கூட்டத் தலைப்பும் கொடுத்து ஓடவிடுங்கள். அந்தப் பதிவை எப்போது, யார், எந்தச் செயலியிலிருந்து தொட்டார்கள் என்று வரிசையாக வரும். இந்தப் பதிவேடு நெடுநாள் நிற்காது, புகார் வந்த வாரமே எடுத்துவிட வேண்டும். அடிக்கடி அகப்படுவது இரண்டு பேர்: மேலாளரின் பழைய கைப்பேசியில் நீக்காமல் விட்ட ஒரு நாட்காட்டிச் செயலி, அல்லது ஒரே அழைப்புக்கு ஆளுக்கொரு பதில் அனுப்பிய இரண்டு டெலிகேட்டுகள். திருத்தும் உரிமை ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு. அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் ஓர் ஆள் ஒரு கருவியிலிருந்து மட்டும். முடிவுத் தேதி இல்லாத வாராந்தரக் கூட்டங்களும் விதிவிலக்குகள் சேரச் சேரக் கெட்டுப்போகும். அதை ஒட்டுப்போடாமல் முடித்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் புதிதாக ஒன்று தொடங்குவதே மேல்.

பிழையே இல்லாமல் பிழைபோலத் தெரிபவை சில உண்டு. கூட்ட அறையின் நாட்காட்டியில் தலைப்புக்குப் பதில் ஏற்பாட்டாளர் பெயர் தெரிகிறதே என்பார்கள். எக்ஸ்சேஞ்சின் இயல்பான அமைப்பே அதுதான், தலைப்பை அழித்துப் பெயரைப் போடும். அட்மின் மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு வரும் பதிவுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அறை முன்பதிவு 180 நாளுக்கு மேல் போனால் நிராகரிக்கப்படுவதும் இயல்பான வரம்பே.

நேர மண்டலம் தனிக் கதை. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி நேரம். சென்னையில் ஒருவர் 20 அக்டோபர் 2025, தீபாவளியன்று முழுநாள் விடுப்பு என்று குழு நாட்காட்டியில் போட்டால், அது அங்கே நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இங்கே கணினி அவுட்லுக்கில் அது 20ஆம் தேதி அதிகாலை 2.30 முதல் 21 அதிகாலை 2.30 வரை ஆகி, இரண்டு நாள் விடுப்பாக நீண்டு தெரியும். நேரம் நகர்ந்தாலும் நகலில் பிழை இல்லை. விடுப்பைக் காலை 9 முதல் மாலை 6 வரை என்று நேரத்துடன் போடச் சொல்லுங்கள். லண்டனுடன் பேசும் வாராந்தரக் கூட்டமும் இப்படித்தான். அங்கிருப்பவர் காலை 9க்கு அமைத்தால் கோடையில் நமக்கு மாலை 4, அக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்ததும் மாலை 5.

ஐசிஎஸ் (நாட்காட்டிக் கோப்பு வகை) இணைப்பு வழியாகக் கூகுள் காலண்டரில் சேர்த்த நாட்காட்டிக்கு வைத்தியம் கிடையாது. மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அவசரம் உள்ளவர்களுக்கு நேரடிப் பகிர்வுதான்.

எல்லாம் முடிந்ததும் “சரியாகிவிட்டதா” என்று கேட்டுவிட்டு நகராதீர்கள், சோதியுங்கள். உரிமையாளர் நாளை மறுநாளுக்கு ஒரு 15 நிமிடப் பதிவு போடட்டும். செயலாளர் அதைக் கணினியில் அரை மணி தள்ளிவைக்கட்டும். உரிமையாளர் கைப்பேசியில் மாறியதா என்று பார்த்து, அங்கிருந்து நீக்கட்டும். செயலாளர் திரையிலும் அது போக வேண்டும். சோதனைப் பதிவில் அறையைச் சேர்த்திருந்தால் ரத்து அறிவிப்பை அனுப்பியே நீக்குங்கள், இல்லாவிட்டால் யாரும் வராத கூட்டத்துக்கு அந்த அறை பூட்டிக் கிடக்கும்.