கேபிள் வீட்டுக்காரர்தான் முதல்ல கத்துவார்

2025-இல் நடந்த ஆட்டங்களில் எது உசத்தி என்று பேசுவதற்கு முன்னால், கொங்கு நாட்டில் தீர்க்க வேண்டிய பஞ்சாயத்து ஒன்று உண்டு: யார் வீட்டில் என்ன கனெக்‌ஷன்? கேபிள் இருக்கிற வீட்டில் விக்கெட் விழுந்து, கத்திக் குதித்து, ஒரு சொம்புத் தண்ணியும் குடித்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் போனில் பார்க்கிறவருக்குப் பவுலர் ஓடியே வருவார்.

கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்புகிறது. கேட்க மலைப்புதான், ஆனால் அதற்கு ஆகிற நேரம் கால் விநாடி. நெட்டில் வருகிற கதை வேறு. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் தயார் பண்ணி அனுப்புகிறார்கள். நம்ம செயலியும் ரெண்டு மூணு துண்டைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டவே ஆரம்பிக்கும். கையிருப்பு இல்லாவிட்டால் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் நடுவில் வட்டம் சுற்றும். எல்லாம் கூட்டினால் இருபது, முப்பது விநாடி தாமதம் சாதாரணம். ஒரே செயலி, ஒரே வைஃபை என்றாலும் ரெண்டு டிவி ஒண்ணாக ஓடாது. நடுவில் யாராவது "சித்தே நிறுத்து கண்ணு, போன் வருது" என்றால் அந்த நேரமும் கடனில் ஏறும். திரையின் அடியில் ஓடுகிற நேரக் கோட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டால் அந்தக் கடன் மட்டும் தீரும். பழைய முப்பது விநாடி அப்படியே நிற்கும். ஸ்கோர் செயலியின் அறிவிப்பை அணைத்து, மாமன் மச்சான் வாட்ஸப் குழுவையும் ஊமையாக்கினால்தான் விக்கெட் விக்கெட்டாக வந்து சேரும்.

இந்த முப்பது விநாடி எவ்வளவு பொல்லாதது என்று காட்டியது ஆகஸ்ட் 4. முந்தின நாள் ஆடி 18. பவானி கூடுதுறை போய் வந்த அலுப்பில் ஊரே திங்கட்கிழமையை இழுத்துக்கொண்டிருந்தது. லண்டன் ஓவலில் இங்கிலாந்துத் தொடரின் கடைசி டெஸ்ட், கடைசி நாள். இங்கிலாந்துக்கு இலக்கு 374, கையில் 339, விழுந்தது 6. அவர்களுக்கு 35 ரன், நமக்கு 4 விக்கெட். பிரசித் கிருஷ்ணா போட்ட முதல் ரெண்டு பந்தும் பவுண்டரி. "அவ்வளவுதானுங்ணா" என்று பேக்கரியில் பாதிப் பேர் டீ காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினது அப்போதுதான். அவசரப்பட்டு எழுந்தவர்களுக்கு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

முந்தின நாள் முழுக்க ஊர் திட்டினது சிராஜை. ஹாரி புரூக் 19-இல் இருந்தபோது கேட்சைப் பிடித்துக்கொண்டே எல்லைக் கயிற்றை மிதித்தார். புரூக் 111 அடித்துவிட்டுத்தான் போனார். அதே சிராஜ் மறுநாள் நாலு விக்கெட்டில் மூணை எடுத்தார். 17 ரன் பாக்கி என்றபோது தோள் இறங்கின கிறிஸ் வோக்ஸ் இடது கையைச் சுவெட்டருக்குள் கட்டிக்கொண்டு மட்டையோடு வந்தார். அவர் ஒரு பந்தைக்கூட ஆடவில்லை, ஓடினதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முகம் சுருங்குவதைப் பார்த்து எதிரணி ரசிகனுக்கே பாவமாகிவிட்டது. அட்கின்சன் தூக்கினது ஆகாஷ் தீப் கையில் பட்டு அந்தப் பக்கம் சிக்ஸருக்குப் போனது. பிறகு சிராஜின் யார்க்கர், ஆஃப் ஸ்டம்ப் காலி. 367-க்கு ஆல் அவுட், 6 ரன்னில் வெற்றி. ரன் கணக்கில் இந்தியாவின் மிகக் குறுகிய டெஸ்ட் வெற்றி இதுதான். மொத்தமே 53 பந்து. அந்த 53 பந்தையும் முப்பது விநாடி முன்னாடியே பக்கத்து வீட்டுச் சத்தத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் படமாகப் பார்த்தவர்களுக்கு அது ஆட்டம் இல்லை, மறு ஒளிபரப்பு.

நம்மூர் நேரம் மத்தியானம் 3.30-க்கு ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஆட்டம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9-லிருந்து சாயங்காலம் 4 வரை கரண்ட்டை நிறுத்துகிற நாள் எந்த ஊருக்கு விழுந்திருந்தாலும் அந்த ஊர்க்காரர்களின் கெரகம் அவ்வளவுதான். மெயின் ஆட்டம் வருகிற வாரம் பத்திரிகையில் மின்தடைப் பகுதிகளைப் படிக்கிற பழக்கம் நல்லது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டர் சொருகின பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் வருகிறதா என்று பார்க்கணும், பெரும்பாலும் வராது. ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும்போது அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்கணுமுங்க: 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று. பின் பொருந்துகிறது என்பதற்காக 9 வோல்ட் ரவுட்டருக்கு 12-ஐக் கொடுத்தால் ஆட்டம் முடிவதற்கு முன்னால் ரவுட்டர் முடிந்துவிடும். இதெல்லாம் செய்யாதவர்களுக்குக் கரண்ட் வந்தபிறகும் விமோசனம் இல்லை. ரவுட்டர் உசிர் பிடித்து எழ ரெண்டு மூணு நிமிசம் ஆகும்.

சோமனூர், பல்லடம் பக்கத் தறிக்குடோனில் இன்னொரு சிக்கல். தறிச் சத்தத்தில் வர்ணனை காதில் விழாது. கண்ணைப் போனில் வைத்தால் பாவு நூல் அறுந்தது தெரியாமல் துணியில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். டெஸ்ட் மேட்ச் தறிக்காரருக்கு ஏற்றது. ஓவர் முடிகிற இடைவெளியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். டி20 ஆகாது.

மே 16-இல் நீரஜ் சோப்ரா தோஹாவில் மூணாவது வீச்சில் ஈட்டியை 90.23 மீட்டர் எறிந்தார். அவர் 90-ஐத் தாண்டினது அதுதான் முதல் தடவை. பொள்ளாச்சிக்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 25 அடி இடைவெளியில் வைத்த தென்னை வரிசையில் ஏறக்குறைய பன்னிரண்டு இடைவெளி. 800 கிராம் ஈட்டி. இவ்வளவும் பண்ணி ரெண்டாவது இடம். ஜெர்மனியின் வெபர் கடைசி வீச்சில் 91.06 போட்டுவிட்டார்.

ஜூன் 1, நார்வே செஸ். குகேஷ் கார்ல்சனைத் தோற்கடித்தது. ஆட்டம் முக்கால்வாசி கார்ல்சன் கையில்தான் இருந்தது. அங்கே ஆளுக்கு 120 நிமிடம். நாற்பதாவது நகர்த்தலுக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி கூடும். அந்தப் பத்து விநாடியில் ஓடிக்கொண்டிருந்தபோது 52-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையால் செக் வைத்தார், கதை கவிழ்ந்தது. மேசையில் ஒரு குத்து, காய்கள் துள்ளி விழுந்தன. ஆட்டம் நடக்கிறபோது காயைத் தட்டிவிட்டால் தட்டிவிட்டவர் தன் கடிகார நேரத்தில்தான் அடுக்கி வைக்கணும் என்பது விதி. இங்கே ஆட்டமே முடிந்துபோனதால் தப்பித்தார். சத்தம் கேட்காத விளையாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக் கத்துகிற தொல்லை மட்டும் கிடையாது.

திருப்பூர் கதைக்கு வருவோம். ஜூன் 8, கோவை எஸ்என்ஆர் கல்லூரி மைதானம், தமிழ்நாடு பிரீமியர் லீக் என்கிற டிஎன்பிஎல். திண்டுக்கல் அணியின் அஸ்வினுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தின பந்து என்று வாதாடிப் பார்த்தார். ரிவ்யூ கேட்கலாமென்றால் கையில் இல்லை; ரெண்டையும் வைடுக்காகத் தீர்த்திருந்தார்கள். மட்டையால் பேடை அடித்தார், அபராதம் கட்டினார். அன்றைக்குத் திருப்பூர் தமிழன்ஸ் 9 விக்கெட்டில் ஜெயித்தது. ஜூலை 6 இறுதி ஆட்டத்தில் அதே திண்டுக்கல், அதுவும் அவர்கள் ஊரிலேயே. திருப்பூர் 220, திண்டுக்கல் 102. முதல் கோப்பை.

ஊருக்கெல்லாம் பனியன் தைக்கிற ஊர் கோப்பை ஜெயித்தால் ஜெர்சிக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். ஆனால் திருப்பூரின் கை காட்டன். ஜெர்சி கேட்பது பாலியஸ்டர். சப்ளிமேஷன் பிரின்ட்டில், தாளில் அடித்த சாயம் ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிசத்துக்குள் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். காட்டனில் அது நிற்காது, ரெண்டு துவைப்பில் வெளுக்கும். அடித்துணியும் வெள்ளையாக இருக்கணும். திருப்பூர் காதர்பேட்டையில் விலை கம்மியாகக் கிடைப்பதில் நம்பர் பல சமயம் மேலே ஒட்டினதாக இருக்கும். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன்மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் 18 என்பது 1 ஆகிவிடும், எட்டு பெட்டியோடு வந்துவிடும்.

அந்தப் பதினெட்டாம் நம்பர்காரர் விராட் கோலி ஜூன் 3-இல் கண் கலங்கி நின்றதைச் சொல்லாமல் விட முடியாது. பெங்களூருவுக்கு முதல் ஐபிஎல் கோப்பை. கடைசி ஓவரில் பஞ்சாப்புக்கு 29 தேவை, ஹேசல்வுட்டின் முதல் ரெண்டு பந்தில் ரன் இல்லை, பிறகு சஷாங்க் சிங் 22 அடித்தும் 6 ரன் பற்றவில்லை. மறுநாள் பெங்களூரு நெரிசலில் 11 பேர் செத்துப்போனதால் அதைக் கொண்டாட்டக் கணக்கில் வைக்க மனசு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது பெண்கள் அணியை. அக்டோபர் 30, வியாழக்கிழமை உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 338. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவை அதுவரை யாரும் துரத்திப் பிடித்ததில்லை. நம்மவர்கள் ஆட இறங்கினது சரியாகச் சீரியல் நேரத்தில். ரிமோட் வீட்டுக்கு வீடு அமுச்சி (பாட்டி) கையில். டிவியில் மேட்ச், அமுச்சிக்குப் போனில் சீரியல் என்று சமாதானம் பேசினவர்கள் ரெண்டையும் ஒரே வைஃபையில் ஓட்டி ரெண்டிலும் வட்டம் பார்த்தார்கள். போனை வைஃபையிலிருந்து கழற்றி மொபைல் டேட்டாவில் விட்டிருக்கணும். ஜெமிமா 82-இல் இருந்தபோது ஹீலி கேட்சை விட்டார். ஜெமிமா 127 அடித்து அவுட்டாகாமல் நின்றார், 9 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தாயிற்று. அதற்குள் அமுச்சி சீரியலை மறந்திருந்தார்.

நவம்பர் 2 இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரிமோட் சண்டை இல்லை. மழையால் ரெண்டு மணி நேரம் தள்ளிப்போய் நடுராத்திரிவாக்கில் முடிந்தது. காயம்பட்ட பிரதிகாவுக்குப் பதிலாகக் கடைசியில் வந்து சேர்ந்த ஷஃபாலி 87 ரன், ரெண்டு விக்கெட். தீப்தி 58 ரன், 39-க்கு 5 விக்கெட். தென்னாப்பிரிக்கா 52 ரன்னில் தோற்றது. நூறு அடித்து நின்ற வோல்வார்ட்டின் கேட்சை அமன்ஜோத் தட்டி, தடுமாறி, மூணாவது முயற்சியில் ஒற்றைக் கையில் பிடித்தார். வீடே எழுந்து குதித்தது. அமுச்சிக்குச் சந்தேகம் ஒன்றுதான்: "மொதல்லயே ஒழுங்காப் புடிச்சிருந்தா இத்தனை ஆர்ப்பாட்டம் எதுக்குங் கண்ணு?"