நின்டெண்டோ 64: வேகம் இருந்தது, வகை இல்லை

சூப்பர் மாரியோ 64, கோல்டன்ஐ, ஆக்கரினா ஆஃப் டைம். இந்த மூன்று கேம்களும் இருந்த, டிவியில் இணைத்து ஆடும் கன்சோல்தான் விற்பனையில் சோனியின் பிளேஸ்டேஷனிடம் தோற்றது. நின்டெண்டோ 64 விற்றது சுமார் 3.3 கோடி. முதல் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. பிராசசர் வேகம் காரணமில்லை: நின்டெண்டோவில் 93.75 மெகாஹெர்ட்ஸ், சோனியில் வெறும் 34-க்குச் சற்றுக் குறைவு.

வித்தியாசம் கேம் எதில் வந்தது என்பதில் இருந்தது. ஒரு சிடியில் 650 எம்பி அளவுக்கு இடம். நின்டெண்டோ கேம்கள் வந்ததோ கார்ட்ரிட்ஜில், அதாவது சிப் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில். மாரியோ 64 கார்ட்ரிட்ஜில் 8 எம்பி. கடைசிக் காலத்தில்கூட 64 எம்பிதான். வீடியோக் காட்சிகள் நிறைந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 அதில் அடங்கவே அடங்காது. 1997-ல் அது மூன்று சிடிகளாக பிளேஸ்டேஷனுக்கு வந்தது. கதாபாத்திரமாகவே மாறி நீண்ட கதையை ஆடும் ரோல் பிளேயிங் கேம் பிரியர்களும் அதன் பின்னாலேயே போனார்கள்.

இடப் பற்றாக்குறையைவிடப் பெரிய சிக்கல் பணம். கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவிடமே ஆர்டர் செய்து, முன்பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குறைவாக ஆர்டர் செய்தால், கேம் ஹிட்டாகும் நேரத்தில் கடையில் சரக்கு இருக்காது. கூடுதலாகச் செய்தால் விற்காத கார்ட்ரிட்ஜ்கள் குடோனில் முடங்கும், போட்ட முதல் போச்சு. சிடி அப்படியில்லை. அச்சடிக்கும் செலவு மிகக் குறைவு. முதலில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, ஓடினால் சீக்கிரமே அடுத்த லாட் போடலாம்.

இதனால்தான் வித்தியாசமான கேம்கள் சோனி பக்கம் குவிந்தன என்பது என் உறுதியான கருத்து. தாளத்துக்கு ஏற்ப பட்டன் அழுத்தும் பாராப்பா தி ராப்பர் மாதிரியான ஒரு யோசனைக்கு, கார்ட்ரிட்ஜ் விலையில் எந்த நிறுவனம் துணிந்து பணம் போடும்? தோற்றாலும் நஷ்டம் தாங்கும் என்றால்தான் புது வகை பிறக்கும். பேய் பயம் வேண்டுமா, ரெசிடென்ட் ஈவில். கார் வேண்டுமா, கிரான் டூரிஸ்மோ. சண்டைக்கு டெக்கன். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது.

கார்ட்ரிட்ஜில் லோடிங் நேரம் கிட்டத்தட்ட இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஆட, கன்சோலிலேயே நான்கு கன்ட்ரோலர் போர்ட். அருமையான வசதிகள்தான். ஆனால் பெரிய ஹிட்டுகள் பெரும்பாலும் நின்டெண்டோவும், ரேர் என்ற பிரிட்டிஷ் கேம் நிறுவனமும் செய்தவை. அவர்களின் அடுத்த கேம் வரும்வரை மாதக்கணக்கில் வறட்சி.

2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2, பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளையும் ஏறக்குறைய எல்லாமே ஓட்டியது. நின்டெண்டோ டிஸ்க்குக்கு மாறிய கேம்கியூப் கடைக்கு வந்தது 2001-ல். அந்த டிஸ்க்கிலும் இடம் 1.5 ஜிபிதான், பிளேஸ்டேஷன் 2-ன் டிவிடியைவிடக் குறைவு.