முத்துசாமி குடும்பத்தார்

மொரிஷியஸுக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்ப்பார்கள். நான் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடை, கிளினிக், வக்கீல் அலுவலகம் என்று போர்ட் லூயிஸ் தெருக்களில் ஆறுமுகம், வீராசாமி, பெருமாள், முத்துசாமி. நம் ஊரில் இவை ஆளின் பெயர்கள். அங்கே குடும்பப் பெயர்கள். 2018-இல் தற்காலிகக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற பார்லென் வியாபூரியின் குடும்பப் பெயரும் நம்முடைய வையாபுரிதான்.

துறைமுகத்தை ஒட்டி ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1849-இலிருந்து குடியேற்ற முகாமாக இயங்கிய இடம். 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1834 தொடங்கி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். எல்லாம் கரும்புத் தோட்டங்களுக்காக. அந்தக் கருங்கல் படிகளில் நிற்கும்போது நெஞ்சு கனத்தது.

மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில்தான் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை அப்படியே எழுத்துக்கூட்டியிருக்கிறார். முத்துசாமிக்கு எம் போட்டு இரண்டு ஓ, டி போட்டு மறுபடி இரண்டு ஓ. இன்றைக்கும் பாஸ்போர்ட்டில் அதே எழுத்துதான்.

1810-இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்த பிறகும் பிரெஞ்சு சிவில் சட்டம் தொடர்ந்தது. பிறப்புப் பதிவில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர் அந்த இடத்தில் ஏறி, பேரன், கொள்ளுப்பேரன் என்று அப்படியே இறங்கிவிட்டது. நம்மிடம் இனிஷியலாக ஒரு தலைமுறையோடு கழன்றுவிடுவது அங்கே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அண்ணன் முத்துசாமியும் தம்பி பெருமாளும் சேர்ந்தே கப்பலேறியிருந்தால், இன்று அவர்கள் வாரிசுகள் இரண்டு வெவ்வேறு குடும்பப் பெயர்க்காரர்கள். பங்காளிகள் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. வேறு ஊரிலிருந்து வந்த இன்னொரு முத்துசாமியின் வாரிசுகளோ, ஒரே பெயர் இருந்தும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எங்களுக்குக் கார் ஓட்டியவரும் ஒரு முத்துசாமி. வீட்டில் கிரியோல் மொழி. தமிழ் கோயிலில் மட்டும். ஆனால் கரும்பு வெட்ட வந்த பாட்டனின் பெயரை அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லி 'பிரசென்ட்' போடுகிறார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

உங்கள் வழியில் யாராவது அங்கே போயிருந்தால், பழைய காகிதங்களில் அந்தக் குடியேற்ற எண் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எத்தனையோ முத்துசாமிகள் வருவார்கள்.