கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் சர்வரை மீட்டெடுத்த அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சர்வர், நெட்வொர்க் எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மதியம், சர்வரில் ஒரு டிஸ்க் போய்விட்டது. மூன்று 4 டிபி (டெராபைட்) டிஸ்க்குகள், தகவலை மூன்றிலும் பிரித்து எழுதும் ரெய்டு 5 ஏற்பாடு. ஒன்று போனாலும் மற்ற இரண்டை வைத்து ஓடும், ஓடவும் செய்தது. ஆனால் டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்றில் படிக்க முடியாத செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) ஏறிக்கொண்டே இருந்தன.

உடனே இரவு ஓட வேண்டிய பேக்கப்பை நிறுத்தினேன். பலரும் மறக்கிற இடம் இது. பழுதான டிஸ்க்கிலிருந்து எடுக்கும் பிரதி அரைகுறையாக இருக்கலாம். புதியது வர வர பழையதை அழிக்கும் ஏற்பாடு என்றால், சில இரவுகளிலேயே நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாது.

"கோயம்புத்தூரிலிருந்து புது டிஸ்க் வரவழைத்துப் போட்டால் சரியாகிவிடாதா, தம்பி?" என்று மேனேஜர் சார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் புது டிஸ்க்கைப் போட்டதும் நடக்கும் ரீபில்டு, அதாவது இழந்த தகவலை அதில் மறுபடி எழுதும் வேலை, மிஞ்சிய டிஸ்க்குகளை முதல் செக்டாரிலிருந்து கடைசிவரை படிக்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 4 டிபிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். நலிந்த டிஸ்க் நடுவில் விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால் சர்வரை அணைத்தோம். நலிந்த டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்துப் புது டிஸ்க்குக்கு நகலெடுப்பது, அது ஒரு பக்கம் நடக்கும்போதே பேக்கப்பிலிருந்து வேறொரு மெஷினில் மீட்பது என்று முடிவானது. டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கொடுத்திருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊருக்கு அது பெரிய நிம்மதி.

அப்புறம் கணக்குப் பார்க்கும் அக்காவோடு உட்கார்ந்து, எது முதலில் வர வேண்டும் என்று தாளில் எழுதினோம். என்னிடம் விட்டிருந்தால் பெரிய கோப்புகளில் தொடங்கியிருப்பேன். அக்கா தயங்கவே இல்லை. "இலைக் கணக்கு வரட்டும். மாசப் பணம் அதை வைத்துத்தானே போடணும்?" சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைதான் அவர்களுடைய மாத வருமானம். அது ஒரு நாள் தள்ளிப் போவதும் சரியில்லை.

அந்தக் கணக்கு இருக்கும் டேட்டாபேஸின் டம்ப், அதாவது பேக்கப்பில் இருந்த அதன் முழுப் பிரதி, 6 ஜிபி. எங்கள் இன்டர்நெட் லைனில் நம்பிக்கையாகக் கிடைப்பது நொடிக்கு 20 மெகாபிட், ஆக அதை இறக்க நாற்பது நிமிடம். ஸ்கேன் செய்த பழைய பில்கள் 400 ஜிபி. அதே லைனில் 44 மணி நேரம், அதுவும் மரம் விழுந்து ஃபைபர் அறுந்துபோகாமல் இருந்தால். கோயம்புத்தூரில் வைத்திருந்த இன்னொரு பிரதியை யுஎஸ்பி டிஸ்க்கில் வண்டியில் வரவழைத்தோம். மேட்டுப்பாளையம் சாலை திறந்திருந்தது.

டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். பிரதி எடுக்கும் அதன் பிஜி டம்ப் கருவி ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும், பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அதில் வராது. அவற்றைப் பிஜி டம்ப்ஆல் மூலம் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது. இன்னொன்று, புது மெஷினைத் தொடங்கும் முன் கிரான் வேலைகளை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளை, எல்லாம் நிறுத்தி வைத்தோம். விட்டிருந்தால் பழைய எடை விவரம் எல்லா விவசாயிகளுக்கும் மறுபடி எஸ்எம்எஸ் போயிருக்கும்.

டேட்டாபேஸ் ஏறியதை மீட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சீட்டு எண், போன மாதப் பட்டுவாடா மொத்தம், அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த சில விவசாயிகளின் கணக்கு, எல்லாவற்றையும் அச்சிட்ட பேரேட்டோடு அக்கா ஒப்பிட்டார். பொருந்தியது. டம்ப் நள்ளிரவுக்குப் பிறகு எடுத்தது என்பதால் அன்று காலை வந்த இலை மட்டும் அதில் இல்லை. எடைச் சீட்டுகளின் கார்பன் நகலை வைத்து அதை மறுபடி ஏற்றினோம்.

பில்கள் மறுநாள் ஏறின. பழைய டிஸ்க்குகளில் எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறோம். இந்த மாதப் பட்டுவாடா முடியும்வரை யாரும் அவற்றை ஃபார்மட் செய்யக் கூடாது என்று மேனேஜர் சாரும் சொல்லிவிட்டார்.