மூன்று மில்லிக்குள் இருந்த சிக்கல்: பாப்பாவின் சளிக்காலம்

பாப்பாவுக்கு வந்தது சாதாரணச் சளிதான். மூக்கு ஒழுகியது, இருமினாள், ஓரிரு இரவு காய்ச்சல் அடித்தது, அப்புறம் தானாக வடிந்துவிட்டது. அதற்குள் மருந்துக்கடையும் காப்பகமும் கிளினிக் ரிசப்ஷனும் சேர்ந்து என்னைப் படுத்தி எடுத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். வீட்டில் ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளை இருந்தால் இந்த ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் வீட்டிலும் இதே கூத்து நடக்கும்.

நாங்கள் இருப்பது கோவை. மழை பிடித்து, சாயங்காலம் ஆனதும் சில்லென்று காற்று கிளம்பும் வாரம் அது. மனைவிக்கு ஆபீஸில் ஆடிட், லீவு கிடைக்கவில்லை. ஆகவே நானும் அம்மாவும் பாப்பாவும். காப்பகத்திலிருந்து மதியமே போன் வந்தது: "சார், மூக்கு ஒழுகுது, கூட்டிட்டுப் போயிருங்க." அவர்கள் மேல் குறையில்லை. காப்பகத்துக்குப் போகிற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு என்று டாக்டரே சொன்னார்.

கிளினிக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் போனபோது டாக்டர் ஊரில் இல்லை. போனில் டோக்கன் கொடுத்த பெண்ணுக்கு அது தெரியவில்லையாம். மறுபடி போனபோது பார்த்தார், காதுக்குள் விளக்கடித்தார், நெஞ்சில் குழல் வைத்தார், "வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் எதுவும் வேண்டாம், ஒரு வாரம் பத்து நாள் இருக்கும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம்" என்றார். முடிந்தது.

ஆனால் அதற்கு முன் ரிசப்ஷனில் ஒன்று நடந்தது. எடை போடாமலே உள்ளே அனுப்பப் பார்த்தார்கள். "போன தடவை எடுத்ததே ஃபைல்ல இருக்குதுங்களே சார்." ஃபைலில் இருந்தது எட்டரை கிலோ. அது கோடைக்காலத்துக் கணக்கு. நான் விடவில்லை. முனகிக்கொண்டே தராசில் வைத்தார்கள், பத்து கிலோ. குழந்தை மருந்துகளுக்கு வயசை விட எடைதான் கணக்கு. பாராசிட்டமால் என்றால் ஒரு தடவைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோவுக்கு 150. டாக்டர் சீட்டில் எழுதியது: 250 சிரப், 3 மில்லி, காய்ச்சலில் குழந்தை சிரமப்பட்டால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு.

இனிமேல்தான் மருந்துக்கடை. கடைப் பையன் சீட்டைப் பார்த்தான். "250 ஸ்டாக் இல்லைங் சார். டிராப்ஸ் இருக்குது, அதே மருந்துதானுங். சின்னப் பாப்பாக்கு இதுதான் நல்லது." சரி, அளவு? "அதேதானுங், மூணு மில்லி."

இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நம் கடைகளில் பெரும்பாலும் மூன்று வடிவத்தில் வருகிறது. 120 என்று போட்டிருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். 250 என்று போட்டிருப்பதில் 5 மில்லிக்கு 250. டிராப்ஸில் ஒரே ஒரு மில்லிக்கு 100. பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதால் டிராப்ஸ் லேசானது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மூன்றிலும் அதுதான் காட்டம், ஏனென்றால் பச்சைக் குழந்தை நிறைய விழுங்காது. 250 சிரப்பில் மூன்று மில்லி கொடுத்தால் என் மகளுக்குச் சரியாக 150 போகும். டிராப்ஸில் அதே மூன்று மில்லி 300, அதாவது இரட்டை மடங்கு. ஆறு மணிக்கொரு தரம் அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் ஈரல் என்ன ஆவது? சரி, 120 சிரப்பை வாங்கி மூன்று மில்லி கொடுத்தால்? 72தான் போகும், காய்ச்சல் சரியாக இறங்காது, "மருந்து கேட்கவில்லை" என்று இன்னொரு மருந்து தேடுவோம்.

பையனிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். படித்தான். "அப்ப ஒன்றரை மில்லி கொடுங் சார்" என்றான். கணக்கு சரிதான். ஆனால் நான் கேட்காமல் இருந்திருந்தால்? டாக்டருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு, கடைசியில் வேறு கடையில் 250யே வாங்கினேன். அந்த அட்டையில் பேனாவால் "3 மில்லி = 150" என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். கொடுத்த நேரத்தையும் அதன் கீழேயே எழுதினோம். அம்மா கொடுத்தது எனக்குத் தெரியாமல் நானும் கொடுப்பது, இரவு இரண்டு மணிக்கு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

அதே கடையில் இன்னொன்று. மூக்கில் விட உப்புத் தண்ணீர்ச் சொட்டு எழுதியிருந்தார் டாக்டர், சலைன். கடையில் எடுத்து வைத்த குப்பியில் ஆக்ஸிமெட்டாசோலின் என்று இருந்தது. "மூக்கடைப்புக்கு இது சீக்கிரம் கேக்குமுங்." கேட்கும், சந்தேகமில்லை. ஆனால் அது ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து. சின்னக் குழந்தைக்கு அளவு மிஞ்சினால் மயக்கம், இதயத்துடிப்பு குறைவது வரை போகும். நமக்கு வேண்டிய குப்பியில் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்று மட்டும்தான் இருக்க வேண்டும். பெட்டியும் குப்பியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

கிளம்பும்போது, "இருமலுக்கு ஒரு சிரப்பு போட்டுரட்டுங்களா?" என்றான். சீட்டில் இல்லாததை! 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அந்த அக்டோபரிலேயே மத்திய அரசு, இரண்டு வயசுக்குக் கீழ் இருமல், சளி சிரப்பு எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயசுக்குக் கீழ் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை என்று அறிவுறுத்தியது. அதற்கும் முன்னாலேயே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயசுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லியிருந்தார்கள். விஷம் கலக்காத சிரப்பானாலும் இந்த வயசில் பலன் என்று பெரிதாக எதுவும் இல்லை; தூக்கமும் படபடப்பும்தான் மிச்சம். இவ்வளவுக்கும் பிறகு கவுன்டரில் "போட்டுரட்டுங்களா" என்று மிட்டாய் மாதிரி கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பில் தேங்காயெண்ணெய் காய்கிறது, பக்கத்தில் கற்பூரம்.

அம்மாவிடம் எதையும் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல முடியாது. "உன்னைய இப்படித்தான் வளத்துனேன் கண்ணு, நல்லாத்தான இருக்கற?" இதற்கு என்ன பதில் சொல்வது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், குழந்தை விரலில் ஒட்டி வாய்க்குள் போனால் கொஞ்சத்திலேயே வலிப்பு வரலாம் என்று சொன்னேன். நம்பவில்லை. அலமாரியிலிருந்த தைல டப்பாவை எடுத்து, இரண்டு வயசுக்குக் கீழ் கூடாது என்ற வரியைப் படித்துக் காட்டினேன். அச்சில் இருந்ததால் பாதி நம்பினார். மீதியை டாக்டரிடம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொண்டார். கடைசியில் உடன்பாடு: வெறும் எண்ணெய் தடவலாம், கற்பூரம் இல்லை. சாம்பிராணிப் புகை இல்லை, மூச்சுக்குழாயை இன்னும் எரிச்சல்படுத்தும். பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் வைத்து ஆவி பிடிப்பதும் இல்லை, இந்த வயசுப் பிள்ளை எந்த நேரம் கையை விடும் என்று தெரியாது. மூக்கில் எண்ணெய் விடுவதைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள், "அது நானே செய்யமாட்டேன்" என்றார். நிம்மதி.

பதிலுக்கு அவர் சொன்ன தேனை டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஒரு வயசு தாண்டிவிட்டதால் படுக்கும் முன் அரை ஸ்பூன். ஒரு வயசுக்குள் என்றால் தேன் நாக்கில்கூடத் தொட்டு வைக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரும் ஆபத்து இருக்கிறது. இருமல் அன்றிரவு குறைந்தது. தேனாலா, அம்மா தோளில் போட்டு நடந்ததாலா என்று கேட்டால் அம்மாவின் பதில் உங்களுக்கே தெரியும்.

நிஜமாகவே வேலை செய்தது சலைனும் மூக்குச் சளியை உறிஞ்சி எடுக்கும் ரப்பர் குமிழும்தான். அதையும் செய்ய ஒரு முறை இருக்கிறது. பாப்பாவை ஒரு துண்டில் கையோடு சேர்த்துச் சுற்றி அம்மா மடியில் வைத்துக்கொள்வார். நான் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் போல வாழைப்பழம், காக்கா என்று எதையாவது பேசி இழுப்பேன். அப்புறம் குமிழை வெளியிலேயே நன்றாக அமுக்கி, அமுக்கின கையோடு நுனியை மூக்கு ஓரத்தில் வைத்து மெதுவாக விட வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் காற்று சளியை மேலே தள்ளும். சரியாக விட்டால் "புர்ர்" என்று ஒரு சத்தம், கூடவே நூல் மாதிரி நீளமாக ஒன்று வரும். வீறிட்டு அழுதாள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் காலையிலிருந்து தொடாத இட்லியைப் பிய்த்துத் தின்றாள். மூக்கடைத்த பிள்ளைக்கு வாயை மூடி மென்று விழுங்கவே முடியாது, அதனால்தான் சாப்பாட்டைத் தள்ளுகிறது. ஆகவே சாப்பாட்டுக்கு முன்னும் தூக்கத்துக்கு முன்னும் மட்டும் செய்யுங்கள். சும்மா சும்மா உறிஞ்சினால் மூக்கு உள்ளே வீங்கி, ரத்தம்கூட வரும். குமிழை ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் அலசி, தலைகீழாக நிறுத்திக் காய வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி: பால் கொடுத்தால் சளி கட்டும் என்று மாடி வீட்டு அக்கா சொன்னார், டாக்டர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். அதே அக்கா மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மூக்குச் சளி பச்சையானதைப் பார்த்து, "இதுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டே ஆகணும்" என்றார். நிறம் மாறுவது சளியின் வழக்கம்தான், அதை மட்டும் வைத்து மருந்து இல்லை. அவர் வீட்டு நெபுலைசரையும் மிச்ச மருந்தோடு கொடுத்தனுப்பினார். நல்ல மனசு. வீசிங் இல்லாத பிள்ளைக்கு அது தேவையில்லை என்பதால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

பயந்த இரவு ஒன்று உண்டு. தூக்கத்தில் மூச்சு கரகரவென்று கேட்டது. சத்தத்தை வைத்துப் பயப்படாதீர்கள், எண்ணிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சட்டையை நெஞ்சுக்கு மேலே சுருட்டிவிட்டு, போன் வெளிச்சத்தை ஓரமாகப் பிடித்து, வயிறு மேலே வருவதை ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, குழந்தை மூச்சு சீராக இருக்காது. 46 வந்தது. ஒன்று முதல் ஐந்து வயசு வரை நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. இரண்டு மாசம் முதல் ஒரு வயசுக்குள் என்றால் 50. கை நடுங்கியது. நெற்றி சுட்டது, அளந்தால் 102. காய்ச்சலில் மூச்சு கூடும். விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்தேன், இல்லை. உதடு நிறம் சரி. மருந்து கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் மறுபடி எண்ணினேன்: 34. அப்புறம்தான் உட்கார்ந்தேன். இறங்கிய பிறகும் 40க்கு மேலேயே இருந்தாலோ, விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குடிக்கவே மறுத்தாலோ, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை என்றாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டாலோ, காலை டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியே கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108.

எல்லாம் ஓய்ந்து காப்பகத்துக்குக் கூட்டிப் போனால், வாசலிலேயே மேடம், "ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வேணுங்க சார்." காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள், வாசலில் நின்றபடியே உள்ளே இருந்த சறுக்குமரத்துக்கு ஓடப் பார்க்கிறாள். இருந்தும் தாள் வேண்டும். கிளினிக்கில் போய்க் கேட்டால், "சர்ட்டிபிகேட்டுக்குப் புது டோக்கன் போடணும் சார், ஃபீஸும் உண்டு." குணமான பிள்ளையை, இருமிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நடுவே மணிக்கணக்கில் உட்கார வைத்து, குணமாகிவிட்டது என்று தாள் வாங்கினேன். அடுத்த சளியை அங்கேயே வாங்கி வந்திருந்தால் அதற்கும் தனி டோக்கன்தான்.

தாளைக் கொடுத்தபோது மேடம் சாதாரணமாகச் சொன்னார்: "முதல் நாள் சீட்டுலயே, காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனா அனுப்பலாம்னு டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தாப் போதுங்க சார், தனியா எல்லாம் வேண்டாம்." இதை முதல் நாள் போன் செய்தபோதே சொல்லியிருக்கலாம் இல்லையா? நீங்களாவது முதல் தடவை டாக்டர் முன்னால் உட்காரும்போதே அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.