ஓடினால் மார்க் ஏறுமா?

"கேம்ஸ் பீரியட்ல இவனை மேத்ஸ் சார்கிட்ட அனுப்பிடுங்க சார். உடம்பை லீவுல பாத்துக்கலாம்" என்றார் அந்த அம்மா. எட்டாம் வகுப்புப் பையன் பக்கத்தில் நின்று, பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான். "வேண்டாம்மா, ஓடட்டும். கவனம் கூடும், மார்க்கும் ஏறும்" என்றேன், விளையாட்டு வாத்தியாரான நான்.

வேறு என்ன சொல்வது? சர்க்கரை, மூட்டுவலி என்றெல்லாம் பேசினால் "வளர்ற பையன்தானே" என்று முடித்துவிடுவார்கள். மார்க் என்றால்தான் காது கொடுப்பார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு வாரத்துக்கே இரண்டு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதிலும் ஒன்று கணக்குக்குப் போய்விடும். இருப்பதைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன்.

பிறகுதான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பு கண்ணில் பட்டது. எடை கூடிய பிள்ளைகளிடம் நடந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். உடற்பயிற்சியால், யோசித்துத் திட்டமிட்டுச் செய்யும் திறன் ஓரளவு கூடியிருக்கிறது. கணக்கிலும் வாசிப்பிலும் சொல்லும்படி மாற்றமில்லை. பள்ளிச் சாப்பாட்டை மாற்றியதில் படிப்பு கொஞ்சம் மேம்படலாம் என்கிறார்கள். சாப்பாடு! எங்கள் கேன்டீனில் பதினோரு மணிக்கே பஃப்ஸ் தீர்ந்துவிடும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்தாயிற்று. கேட்டில் நின்று பார்த்தால் எண்ணெய்ச் சட்டி தெரியும். அதைப் பற்றிப் பேச பி.இ.டி. வாத்தியாரை யார் கூப்பிடுகிறார்கள்?

ஆகவே நான் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியால் பையன் மைதானத்துக்கு வந்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அரையாண்டுக்குப் பிறகு அவன் கேட்டான்: "ஓடினேன்ல சார்? மேத்ஸ்ல அதே மார்க்தான்."

"முன்னெல்லாம் ஒரு ரவுண்டுலயே உட்காருவ. இப்ப மூணு ரவுண்டு ஓடுறியேடா."

"அது ரேங்க் கார்டுல வராதே சார்."

மார்க்குக்காக ஓடச் சொன்னது நான்தான். மார்க் வரவில்லை என்றால் எதற்கு ஓட வேண்டும் என்று அவன் நினைத்தால் அதுவும் நான் சொல்லிக்கொடுத்த கணக்குதான். விளையாடுவதற்கு ஒரு பிள்ளை காரணம் காட்ட வேண்டுமா என்ன? இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் மறுநாளே அவனை மேத்ஸ் சாரிடம் அனுப்பியிருப்பார். அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். "மார்க்கும் ஏறும்" என்றுதான் மறுபடியும் சொல்வேன் போலிருக்கிறது, பையனை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு.