சக்கரத்துக்குப் பின்னால் எழும் தண்ணீர்

வைகாசியிலிருந்து ஓசூர் பக்கம் வானம் கறுத்தாலே கேமரா பையை எடுத்து வண்டியில் மாட்டிக்கொள்கிறேன். மழையில் ஓடும் பந்தய பைக்கை ஒரு தடவையாவது ஒழுங்காகப் படம் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை போன வருடம் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் பிடித்தது. அன்று எடுத்தவை 600 படங்களுக்கு மேல். வைத்துக்கொள்ளும்படி ஒன்றுகூட இல்லை. இந்த வருடம் மூன்று மாதம் கிருஷ்ணகிரியிலேயே பழகிவிட்டு, ஆவணியில் மறுபடியும் போய் வந்தேன்.

கையில் இருப்பது கேனான் 200டி, 55-250 லென்ஸ். இரண்டுமே மழை தாங்கும் ரகம் இல்லை.

போன வருடம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1000 நொடி, அதற்கும் குறைவு என்றே வைத்திருந்தேன். வேகமாக ஓடுவதை அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். படங்களில் சக்கரத்தின் கம்பிகளை எண்ணிவிடலாம். ஈரத் தரையில் பைக்கை யாரோ சும்மா நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. பின்னால் எழுந்த தண்ணீர் மாவு கொட்டியதுபோல வெள்ளையாக அப்பிக் கிடந்தது. வெளிச்சம் குறைவு என்பதால் படத்தைப் பிரகாசமாக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 3200, 6400 என்று ஏறி, எல்லாவற்றிலும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 33 மீட்டர். 1/1000 நொடியில் பைக் நகர்வது மூன்று சென்டிமீட்டர்தான். 1/125-இல் 27 சென்டிமீட்டர், 1/60-இல் அரை மீட்டருக்கு மேல். பெரிய மழைத்துளி நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் விழும். 1/1000-இல் அது ஒரு புள்ளி. 1/125-இல் ஏழு சென்டிமீட்டர் நீளக் கோடு. மழை மழையாகத் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கோடு வேண்டும்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நல்ல வெயிலில் 1/60 வைக்க வேண்டுமானால் லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எஃப் 22 வரை சுருக்க வேண்டும். மழை மேகத்தில் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200-லேயே வேலை முடிகிறது. வெளிச்சம் போதவில்லை என்று நான் புலம்பிய அதே வானம் மெதுவான ஷட்டருக்குத் தோதான வானம்.

வண்டியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் பேனிங் எனக்கு ஓரளவு பழக்கம். தை, மாசியில் நம் ஊர்ப் பக்கம் எருது விடும் விழாக்களில் கற்றுக்கொண்டது. காளை ஓடி முடிக்கும் இடத்தைப் பார்த்துக் கால்களை வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பி அது கிளம்பும் பக்கம் பார்க்க வேண்டும். முழங்கைகள் விலாவில் ஒட்டியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. காளைக்குச் சொன்னது பைக்குக்கும் சரியாகவே இருந்தது.

பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்தது காவேரிப்பட்டணம் போகும் வழியில், சர்வீஸ் ரோடு ஓரத்தில் ஒரு பேருந்து நிழற்குடை. தலைக்கு மேல் கூரை, முன்னால் தடுப்புக் கம்பி. டவுன் பஸ், பைக், மாங்காய் லோடு ஏற்றிய மினி லாரி என்று எதுவும் விடவில்லை. ஃப்ளாஷ் மட்டும் போடவே இல்லை. மழையில் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் அது பட்டால் ஆபத்து. ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தார். "என்ன தம்பி, ஃபைன் போடறீங்களா?" என்றார். படத்தைக் காட்டினேன். ஆறு சக்கரமும் தண்ணீரை வாரி இறைக்க, அவர் லாரி மிதந்து போகிற மாதிரி இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அந்த நிழற்குடையில்தான் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று பிடிபட்டது. சாம்பல் வானத்துக்கு முன்னால் தண்ணீர்த் தூவானம் கண்ணுக்கே தெரியாது. அதே வண்டி இருபதடி தள்ளிப் புளியமரத்தைக் கடக்கும்போது, இருண்ட இலைக்கு முன்னால் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரியும். எதிர்ப்பக்கமிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்துவிட்டால் அது வெள்ளிக் கம்பிதான். பின்னணியை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வண்டிக்குக் காத்திருக்கிறேன்.

கேமராவுக்கு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்தான் சட்டை. மூலையில் வட்டமாக வெட்டி, லென்ஸ் முனையில் மாட்டும் குழல்போன்ற ஹூடைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். ஹூட் இல்லாமல் மழையில் நிற்பது வீண். ஒரு துளி கண்ணாடியில் பட்டாலும் படத்தில் மங்கல் விழும். ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கினால் லென்ஸ் வேர்த்துவிடுகிறது, கால் மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஏறும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத கவருக்குள் போட்டு, இறங்கிய பிறகும் அதன் குளிர் விடும்வரை திறப்பதில்லை. திரும்பி வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் அடைப்பு. அரிசியில் புதைக்கச் சொல்கிறார்கள். அரிசித் தூசி உள்ளே போய்விடும் என்பதால் நான் செய்வதில்லை.

ஆவணியில் மாமாவும் உடன் வந்தார். லாரி மெக்கானிக்காக இருந்தவர். சின்ன வயதில் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர். 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிய பிறகு அவர் போனதே இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் அதே பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலைதான், ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிவிடலாம்.

மதியம் இரண்டாவது பந்தயத்துக்கு முன் மழை பிடித்தது. காலையில் பார்த்து வைத்திருந்த ஒரு வளைவில், உட்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய ஓர விளிம்பான கெர்ப் மேல் ஃபோக்கஸைப் பூட்டி வைத்திருந்தேன். காலையில் அத்தனை பேரும் அதை உரசிக்கொண்டுதான் போனார்கள். மழையில் ஒருவர்கூட அங்கே வரவில்லை. முதல் மூன்று சுற்றும் மங்கலாகவே விழுந்தது.

மாமா குடைக்குள்ளிருந்து சொன்னார்: "மாப்ள, காஞ்ச ரோட்டுல ரப்பர் ஒட்டி ஒட்டிப் பிடிச்ச இடம் நனைஞ்சா வழவழன்னு ஆயிடும். பெயின்ட்டும் அப்படித்தான். எவனும் அந்தக் கோட்டுல வரமாட்டான். வெளிப்பக்கமா பாரு."

வெளிப்பக்கம் பார்த்தேன். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, சொரசொரப்பான தாரில் வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவாகச் சாயவும் இல்லை. உடனே பூட்டை எடுத்துவிட்டு, தொடர்ந்து பின்பற்றும் ஃபோக்கஸில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து ஹெல்மெட்டைப் பிடித்தேன். கூட்டமாக வந்தால் முன்னால் போகிறவரின் தூவானத்தில் ஃபோக்கஸ் சிக்கிக்கொள்கிறது. அதனால் முதலில் வருகிறவர், இல்லையென்றால் தனியாக வருகிறவர், இவர்களை மட்டும் குறி வைத்தேன்.

வளைவுக்குள்ளே தண்ணீர் அதிகம் எழவில்லை. வளைவு முடிந்து, பைக்கை நிமிர்த்தி, ஆக்சிலரேட்டரை முறுக்கும் அந்த இடத்தில்தான் பின்சக்கரம் தண்ணீரை அள்ளி எறிகிறது. அங்கே பின்னணியில் மரங்கள். கேலரியின் மேல்படிக்கு ஏறினால் வேலிக்கம்பி குறுக்கே வராது. ஷட்டர் 1/125-இல் தொடங்கி 1/80, 1/60 என்று இறங்கினேன். 1/125-இல் பத்துக்கு மூன்று தேறியது. 1/60-இல் பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதையும் இழக்கலாம்.

மொத்தம் 740 படங்களில் 11-ஐ வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று, 1/60-இல் எடுத்தது, மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறது. ஹெல்மெட்டும் தோளும் கூர்மை. மரங்கள் பச்சைக் கோடுகளாக ஓடுகின்றன. பின் டயரிலிருந்து தண்ணீர் மயில்தோகைபோல எழுந்து, இருட்டில் இழை இழையாகப் பிரிகிறது. வலது பூட்ஸின் நுனியிலிருந்தும் ஒரு மெல்லிய கோடு தனியாக நீள்கிறது. எடுக்கும்போது அதை நான் பார்க்கவே இல்லை. கணினியில் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது.

1/40 இன்னும் கைகூடவில்லை. ஐப்பசி மழைக்கு நிழற்குடைக்குப் போக வேண்டும்.